பெயரெழுதிய குற்றம்

சிரியாவைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், நம்மிடையே முற்போக்காளர் எனப் பெயர் பெற்றோர் சிலர் ஒரு வாதத்தைத் தவறாது முன்வைப்பர். "அசாத் ஆட்சி கொடியதாகவே இருந்திருக்கட்டும், ஆயினும் அது சமயச் சார்பற்ற ஆட்சி. அங்கே பெண்கள் கல்வி கற்றனர், உத்தியோகம் பார்த்தனர். ஏகாதிபத்தியத்துக்கு அது அடிபணியவுமில்லை. அதனை எதிர்த்தோர் பழைமைவாதிகளும் அந்நியரின் கைக்கூலிகளுமே" என்பது அவ்வாதத்தின் சாரம். 2024 டிசெம்பர் 8ஆம் நாள் அவ்வாட்சி வீழ்ந்தது, இவ்வாதமோ வீழ்ந்தபாடில்லை. அதன் பின்னர் டமஸ்கஸில் அதிகாரமேறியோரின் சமயப் பிடிப்பைச் சுட்டிக்காட்டி, "நாம் சொன்னது சரியாயிற்றல்லவா?" எனப் பெருமை கொள்வோரையும் காண்கிறோம். வெறும் அபிப்பிராய பேதமாயின் நாம் வாளாவிருந்துவிடலாம். ஆனால் வகுப்பறைகளிலும் வாசிகசாலைகளிலும் இளைஞர்க்கு அரசியலறிவு என இதுவே புகட்டப்படுகின்றது. எனவே இதனை மறுத்துரைத்தல் கடமையாகின்றது.

மறுப்புக்குத் துணையாக ஒரு பெண் சட்டத்தரணியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். றஸான் ஸைத்தூனே என்பது அவர் பெயர். 1977இல் பிறந்தவர். 2013 டிசெம்பர் 9ஆம் நாள் இரவு, டமஸ்கஸ் நகரின் புறத்தேயுள்ள தூமா என்னும் ஊரில், ஆயுதந்தாங்கியோரால் கடத்திச் செல்லப்பட்டார். அவர் கதி யாதாயிற்று என்பது நிறுவப்படாமலே ஆண்டுகள் கழிந்துள்ளன. அவரைக் கடத்தியோர் அசாத்தின் படையினர் அல்லர் என்பது இவ்வரலாற்றிலே கருதத்தக்கது. இதனைக் கேட்டதும் மேற்சொன்ன நண்பர்கள் மகிழக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.

முதலிற் பெண்ணுரிமை பற்றிய பெருமையை ஆராய்வோம். சிரியாவின் 1973ஆம் ஆண்டு யாப்பு பெண்களுக்குச் சகல துறைகளிலும் வாய்ப்பளிக்க உறுதி கூறியது உண்மை. நஜா அல்-அத்தார் என்னும் பெண்மணி 1976 முதல் 2000 வரை கலாசார அமைச்சராக இருந்து, 2006இல் உப ஜனாதிபதியாகவும் நியமனம் பெற்றார் என்பதும் உண்மை. ஆனால் யாப்பு மேடையிலே தந்ததைச் சட்டப்புத்தகம் வீட்டு வாசலிலே பறித்துக்கொண்டது. விவாகம், மணவிலக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றை ஆண்டது 1953ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி கணவன் தன் சொல்லாலேயே மணவிலக்குச் செய்யலாம். நீதிபதியின் அனுமதியுடன் இன்னொருத்தியையும் மணக்கலாம். மனைவியோ விடுதலை வேண்டின் வழக்காட வேண்டும். பாத் கட்சி அதிகாரமேறுமுன் வந்த சட்டம் இது. அறுபதாண்டுக்கு மேலாக ஆண்ட அக்கட்சி அங்குமிங்கும் திருத்தியதேயன்றி இதன் அடித்தளத்தைத் தொடவில்லை. தன் மனைவியையோ சகோதரியையோ பிறனொருவனுடன் கண்டு கொன்றவனுக்குத் தண்டனையே இல்லையெனத் தண்டனைக் கோவையின் 548ஆம் பிரிவு விதித்திருந்தது. 2009இலேதான் அவனுக்குக் குறைந்தது இரண்டாண்டுச் சிறை என்றாயிற்று. அப்பிரிவு முற்றாக நீங்கியது 2020இல். 1969ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ பாத் ஆட்சி தானே இயற்றியது. அந்நியனை மணந்த சிரியப் பெண் தன் பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையை வழங்க இயலாது என்பது அதன் விதி. பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையிலே 2003இல் இணைந்தபோதும், இவ்விதியைக் காக்கும்பொருட்டு உரிய உறுப்புரைக்குச் சிரியா இணங்க மறுத்தது. சமயச் சார்பின்மையின் இலட்சணம் இது!

இக்கொடுமைகளை மாற்றப் பெண்கள் ஒன்றுகூட முடிந்ததா? முடியவில்லை. கட்சியின் நிழலிலே இயங்கிய பெண்கள் பொதுச் சங்கம் ஒன்றே உத்தியோகபூர்வமான அமைப்பு. சுயேச்சையான சங்கங்கள் அனுமதிப் பத்திரம் பெற இயலாது தவித்தன. 2017இல் அப்பொதுச் சங்கத்தையும் அரசே கலைத்துவிட்டது; கேட்பார் எவருமில்லை. ஆள்வோன் விருப்பத்தால் வந்தது ஆள்வோன் விருப்பத்தாற் போயிற்று. கூட்டங்கூடவும், எழுதவும், கட்சி அமைக்கவும், கைதானவனுக்காக வாதாடவும் உரிமையில்லாத நாட்டிலே பெண்ணுக்குக் கிடைப்பது சலுகையேயாகும். சலுகையை உரிமையென மயங்குவது முற்போக்காளர்க்கு அழகன்று.

ஒரு சட்டத்தரணி எதிர்க்கட்சி அரசியலுக்கு வந்து சேரும் பாதையை இப்போது நோக்குவோம். 1963 மார்ச் 8ஆம் நாள் பிரகடனமான அவசரகாலச் சட்டம் 2011 ஏப்ரல் வரை நாற்பத்தெட்டாண்டுகள் சிரியாவிலே நிலைத்து நின்றது. அவசரகாலச் சட்டம் என்றால் யாதென்று நம் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. 1968இல் நிறுவப்பெற்ற உயர் அரச பாதுகாப்பு நீதிமன்றின் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. 1980 மார்ச்சிலே அவசரகாலச் சட்டத்தை நீக்கக் கோரிச் சட்டத்தரணிகள் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்தம் சங்கம் கலைக்கப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றனர். அடுத்த ஆண்டு வந்த சட்டமொன்று சங்கத்தைக் கட்சியின் பிடிக்குள் ஒப்படைத்தது. இத்தகைய நாட்டிலே, "கட்சிக்காரரின் வழக்கை மட்டும் பேசுவேன், அரசியல் எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் சட்டத்தரணிக்கு வாழ்வுண்டு. "இவனை எச்சட்டத்தின்கீழ் அடைத்தீர்?" என்று கேட்பவரோ கேட்ட அக்கணமே எதிர்க்கட்சியாகி விடுகிறார்.

றஸான் அம்மையார் அக்கேள்வியையே கேட்டார். 1999இற் சட்டப்படிப்பை முடித்து, 2001இல் அரசியற் கைதிகளுக்காக வாதாடும் சட்டத்தரணிகளுடன் சேர்ந்தார். "டமஸ்கஸ் வசந்தம்" எனப்பட்ட குறுகிய காலப் பேச்சுச் சுதந்திரத்தை அரசு நசுக்கத் தொடங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில் சிரிய மனித உரிமைச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவரானார். 2005இல் உரிமை மீறல்களைத் தொகுத்து வெளியிடும் தகவல் இணைப்பு ஒன்றை அமைத்தார். தாம் சமயவாதியல்லாராயினும், சமயத் தீவிரவாதிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கும் வாதாடினார். கொள்கை எதுவாயினும் கைதிக்கு நியாய விசாரணை வேண்டும் என்பது அவர் நிலை. அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேறத் தடை செய்தது.

2011 மார்ச்சிலே தரா நகரிற் கிளர்ச்சி மூண்டது. சில நாள்களுக்குள் அரச தொலைக்காட்சி அவரை அந்நியரின் உளவாளி எனப் பறைசாற்றியது. அவர் தலைமறைவானார், கணவர் சிறைப்பட்டார். மறைவிலிருந்தே உள்ளூர் ஒருங்கிணைப்புக் குழுக்களைக் கட்டியெழுப்ப உதவினார். மீறல்களை ஆவணப்படுத்தும் நிலையத்தையும் தொடங்கினார். கொல்லப்பட்டோர், கைதானோர், காணாமற்போனோர் ஆகியோரின் பெயர், ஊர், நாள், மரண விதம் என ஒவ்வொன்றாக எழுதிவைப்பதே அந்நிலையத்தின் பணி.

அந்நியரின் கைக்கூலி என்ற பழிக்கு இங்கே பதில் கூறுவோம். ஐரோப்பியப் பாராளுமன்றம் 2011இல் அவருக்கும் வேறு நால்வர்க்கும் சாகரோவ் பரிசளித்தது. 2013இல் அமெரிக்க அரசாங்கமும் விருதளித்தது. இவற்றைக் காட்டியே நம் நண்பர்கள் தீர்ப்பெழுதி விடுகின்றனர். பரிசு கொடுப்பவனின் நோக்கத்தை ஐயுறுதல் நன்றே. ஆனால் பரிசு பெற்றவர் செய்ததை ஆராயாமற் தீர்ப்பெழுதுதல் நன்றாகுமா? 2011 ஓகஸ்ட் மாத இறுதியில் அவ்வொருங்கிணைப்புக் குழுக்கள் ஓர் அறிக்கை விடுத்தன. மக்கள் ஆயுதமேந்தலாகாது, அந்நியப் படைத் தலையீடும் வேண்டாம் என அது தெளிவாகக் கூறிற்று. ஏகாதிபத்தியத்தின் ஏவலாளர் எழுதும் அறிக்கையா இது? விருதளித்த வல்லரசுகள், காணாமற்போன பின் அவரை மீட்டுத் தந்தனவுமில்லை.

அசாத் ஆட்சியின் ஏகாதிபத்திய எதிர்ப்பை மெச்சுவோர், அவ்வாட்சி இடதுசாரிகளை நடத்திய விதத்தையேனும் அறிந்திருத்தல் வேண்டும். 1972இல் பாத் கட்சியின் தலைமையில் "முற்போக்குத் தேசிய முன்னணி" அமைந்தது; பொதுவுடைமைக் கட்சியும் அதிற் சேர்ந்தது. அவ்வழியை ஏற்காது பிரிந்த அணியின் தலைவர் றியாத் அல்-துர்க் 1980 முதல் 1998 வரை ஏறத்தாழப் பதினெட்டாண்டுகள் சிறையிருந்தார்; பெரும்பாலும் தனிமைச் சிறை. றஸானுடன் கடத்தப்பட்ட ஸமீரா கலீல், இடதுசாரி இயக்கமொன்றைச் சேர்ந்தமைக்காக 1987 முதல் 1991 வரை அடைக்கப்பட்டவர். அவருடைய கணவர், எழுத்தாளர் யாஸீன் அல்-ஹாஜ் ஸாலிஹ், பொதுவுடைமை மாணவராகப் பிடிபட்டுப் பதினாறாண்டுகள் சிறையிற் கழித்தவர். முன்னணியின் பெயர்ப்பலகையிலே "முற்போக்கு" என்றிருந்தது. முற்போக்காளரோ சிறையில் இருந்தனர். பலகையை வாசித்துப் பரவசமடைந்தோர்க்குச் சிறையின் கதவு தென்படவில்லை.

2013இல் றஸான் அம்மையார் டமஸ்கஸை விட்டு, கிளர்ச்சியாளர் வசமிருந்த கிழக்குக் கூத்தாப் பகதியிலுள்ள தூமாவுக்குச் சென்றார். அப்பகுதி அரச படையின் முற்றுகைக்குள் இருந்தது. ஓகஸ்ட் 21ஆம் நாள் அங்கே நச்சுவாயுத் தாக்குதல் நிகழ்ந்தபோது சாட்சியங்களைத் திரட்டியவர்களுள் அவரும் ஒருவர். ஸமீரா அங்குள்ள பெண்களுடன் சேர்ந்து தொழில் முயற்சிகளை ஏற்படுத்தப் பாடுபட்டார். இவ்வளவில் நின்றிருந்தால் கிளர்ச்சியாளர் அவர்களைப் போற்றியிருப்பர். றஸானோ அங்கேயும் ஏட்டை மூடவில்லை. ஆயுதக் குழுக்கள் நடத்திய சிறைகளையும் சித்திரவதைகளையும் அதே கையால் எழுதினார். மிரட்டல் வந்தது, வீட்டு வாசலிலே துப்பாக்கி வேட்டுத் தீர்த்தனர். டிசெம்பர் 9ஆம் நாள் அவரும், கணவர் வாயில் ஹமாதாவும், ஸமீரா கலீலும், சட்டத்தரணி நாஸிம் ஹம்மாதியும் ஒருசேரக் கொண்டு செல்லப்பட்டனர். அவ்வூரில் மேலாதிக்கஞ் செலுத்திய ஜெய்ஷ் அல்-இஸ்லாம் என்னும் இயக்கத்தின் மீது உறவினர் குற்றஞ்சாட்டினர், அவ்வியக்கம் மறுத்தது.

பொறுத்திருந்த நண்பர்களுக்கு இப்போது விடையிறுப்போம். "அசாத்தின் எதிரிகளும் கொடியோர்தாமே?" என்பீர்கள். ஆம், அதனைச் சான்றுடன் முதலில் எழுதியோருள் ஒருவர், நீங்கள் கைக்கூலி எனத் தூற்றிய அதே அம்மையார். அவர் எழுதியபோது நீங்கள் எங்கிருந்தீர்கள்? ஒருபக்கக் கொடுமையை மட்டும் எண்ணிய உங்கள் ஏட்டில் அவர் பெயருக்கும் இடமில்லாதிருந்தது. "போர் நடக்கும்போது உட்குற்றம் பேசலாமா? வெற்றிக்குப் பின் பார்க்கலாம்" என்று அவரைத் தடுத்த கிளர்ச்சியாளர்க்கும் உங்களுக்கும் வேற்றுமை யாது? இரு சாராரும் ஒரே விதியைத்தான் பின்பற்றினீர்கள்: பகைவன் செய்தால் பாதகம், நம்மவன் செய்தால் அவசியம்.

பெண்ணுரிமையை அரசியலினின்றும் பிரித்துப் பார்ப்போர் இன்னொரு சட்டத்தரணியையும் நோக்குக. ஜுமானா ஸைப் என்பவர், 2001இல் சிறைப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் றியாத் ஸைபின் மகள். 2017இல் சிரியப் பெண்கள் அரசியல் இயக்கத்தை நிறுவியோருள் ஒருவர். ஜெர்மனியிலுள்ள மனித உரிமை நிலையத்திற் பணியாற்றி, சிரியச் சிறைகளிற் பெண்கள் மீது இழைக்கப்பட்ட பாலியல் வன்முறையைச் சட்டத்தின்முன் நிறுத்தப் போராடினார். கொப்ளென்ஸ் நகர நீதிமன்று 2022 ஜனவரியில் அசாத்தின் முன்னாள் உளவு அதிகாரி ஒருவனுக்கு ஆயுட்சிறை விதித்தபோது, அவ்வன்முறையையும் மானிடத்துக்கெதிரான குற்றமாகக் கொண்டது. பெண்களுக்குச் சுதந்திரமளித்ததெனப் பாராட்டப்பட்ட அரசின் நிலவறையிலே அவர்கள் பட்டது யாதென்பதை அத்தீர்ப்பிலே படிக்கலாம்.

அசாத் ஆட்சி வீழ்ந்த நாள், கடத்தலின் பதினோராம் ஆண்டு நிறைவுக்கு முதல்நாள். அதன்பின் நடந்தவை நம் வாதத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றன. 2025 மார்ச் மாத இடைக்கால யாப்புப் பிரகடனம் இஸ்லாமியச் சட்டவியலைச் சட்டவாக்கத்தின் பிரதான மூலமாக்கிற்று. அம்மாத இறுதியில் அமைந்த அமைச்சரவையிலே பெண் ஒருவரே. ஒக்டோபரில் மறைமுகத் தேர்தலால் நிரப்பப்பட்ட 119 ஆசனங்களிற் பெண்களுக்குக் கிட்டியவை 6. எல்லாவற்றினும் நம் கருத்தைக் கவர்வது அவ்வாண்டு மே மாதத்தில் அமைக்கப்பட்ட நிலைமாறுகால நீதி ஆணைக்குழு. முன்னைய ஆட்சி இழைத்த கொடுமைகளை விசாரிப்பதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. அங்ஙனமாயின் தூமாவிலே கடத்தப்பட்ட நால்வர் எங்கே முறையிடுவர்? அதே மாதத்திற் பாரிஸ் நீதிமன்று ஜெய்ஷ் அல்-இஸ்லாமின் முன்னாட் பேச்சாளனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஆயின் இந்நால்வரின் கடத்தல் அவ்வழக்கிலே தீர்ப்புக்கு வரவில்லை. ஒருபக்கத்தை மட்டும் எண்ணும் வழக்கம் ஆட்சி மாறியும் மாறவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே நம் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கிக் கூற வேண்டியது இதுவே. ஓர் அரசு முற்போக்கானதா என்று அறிய அதன் பகைவர் யாரென்று கேட்பது போதாது. அங்கே கைதானவனுக்குச் சட்டத்தரணி உண்டா? தாயின் பெயரால் பிள்ளைக்குப் பிரசாவுரிமை உண்டா? பெண்கள் அனுமதி கேளாது சங்கம் அமைக்கலாமா? காணாமற்போனவரின் பெயரை எழுதுபவர் வீட்டிலே நிம்மதியாக உறங்கலாமா? இக்கேள்விகளை டமஸ்கஸிற் புதிதாக அரசமைத்தோரிடமும் கேட்போம். அவர்களுக்கு முன்னிருந்தோரை மெச்சிய நம் நண்பர்களிடமும் கேட்போம். றஸான், ஸமீரா, வாயில், நாஸிம் எங்கே என்ற கேள்விக்கு விடை வரும்வரை, சிரியாவின் கணக்கு முடிந்துவிட்டதென எவர் சொன்னாலும் அதனை ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை.