சிரிக்கலாம், தப்பில்லை

தோட்டத்தில் வளர்ந்த கதையைச் சொல்லி ஒரு தம்பி சிரிக்க வைத்த ஸ்டாண்ட்-அப் காமெடி வீடியோ நம்ம வாட்ஸ்அப் குழுவில் சுத்துது. ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்தினதும் லயமே கும்மிருட்டு, வெளியே இருக்கிற கக்கூசுக்குப் போக துணைக்கு ஆள் தேடுறதுன்னு சொல்றார்.

"நம்ம வறுமையைக் கேலி பண்றான்"னு சில பெரியவங்களுக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோணலை. இருட்டுக்குப் பயந்த தன்னைத்தான் கேலி பண்றார்; விடியுமுன் பால்வெட்டப் போன அம்மாவை இல்லை. அந்த எல்லையைத் தாண்டினா நானும் கோபப்படுவேன்.

கித்தா போய் செம்பனை வந்தது. லயங்கள் இடிஞ்சது. பல தோட்டக் கோயில்களும் இடம் மாறிப்போச்சு. மிச்சம் இருக்கிறது கதைதான். நாம சொல்லாததாலதான் பிள்ளைங்க அதை மேடையில் கேட்கிறாங்க.

பெரியவங்களே, ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் பத்து நிமிஷம் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்க. சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

தாய் மாரியம்மன் துணை. 🙏