இரண்டாவது சாவி

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா நான். எங்க பணப்பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், இன்னொன்று கேஷியரிடம். கேஷியர் தன் சாவியைப் போடலைன்னா எப்பேர்ப்பட்ட மேனேஜராலும் திறக்க முடியாது. பணத்துக்கு இவ்வளவு பத்திரம். உடம்புக்கு?

இதே மயிலாப்பூரில், கடற்கரையைப் பார்த்து நிற்கிறது ராணி மேரிக் கல்லூரி. அங்கே படித்த கால்பந்து வீராங்கனை பிரியாவுக்கு வயசு 17. 2022 நவம்பர் 7 அன்று பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் நடந்தது. ரத்தக்கசிவை நிறுத்தப் போட்ட இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். 15ஆம் தேதி இறந்துபோனாள். கவனக்குறைவு என்றார் அமைச்சர். ரெண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட். கணக்கு முடிஞ்சதா?

கட்டு இறுகினால் கால் சும்மா இருக்காது. வலி உயிர் போகும். விரல் சில்லிடும், மரத்துப்போகும், நிறம் மாறும். எந்த வார்டிலும் இதை முதலில் அறிவது பெரிய டாக்டர் அல்ல. படுத்திருக்கிறவள், பக்கத்திலிருக்கும் அம்மா, நர்ஸ், தரை துடைக்கிற ஆயா. இவங்க சொல் மேலே போய்ச் சேர எத்தனை படி ஏறணும்? "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று முதல் படியிலேயே வாயை அடைத்துவிடலாமே.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தந்தது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், வெளியே கொண்டுபோகும் முன், மூன்று தடவை நின்று வாய்விட்டுச் சரிபார்க்கணும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்ததில் சாவு நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியானது. புது மருந்தில்லை, புது மெஷினில்லை. அதில் ஒரு அம்சம்: குழுவில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்லணும்.

சின்ன விஷயமா இது? "ஏய் ஆயா" என்றே கூப்பிடப்படுகிற நம்ம சனத்துக்குத் தெரியும், பெயர் கேட்கப்படாதவர் பேச்சும் கேட்கப்படாது. ஊரில் கைகட்டி நின்ற பழக்கம் தியேட்டருக்குள்ளேயும் நிற்கிறது.

ஆனால் அந்தப் பட்டியல் அரங்க வாசலோடு நின்றுவிடுகிறது. கட்டு இறுகுவது வார்டில். வெறுமனே டிக் அடித்து வைக்கிற வித்தையும் எங்களுக்குத் தெரியாததல்ல. எனவே, நர்ஸோ ஆயாவோ அம்மாவோ "வந்து பார்" என்றால் டாக்டர் வந்தே ஆகணும். சொன்ன நேரமும் வந்த நேரமும் கேஸ் ஷீட்டில் ஏறணும்.

கேஷியருக்குக் கொடுத்த சாவியை ஆயாவுக்கும் கொடுங்கள். பெட்டகத்தில் இருப்பது வெறும் காகிதம்.