புயல் மேல் பழி போடாதீர்கள்

அன்பு மாணவர்களே, உறவுகளே,

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்றது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. செஞ்சியும் தப்பவில்லை. இன்றும் நீங்கள் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரே சொல்தான்: இயற்கைச் சீற்றம்.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழையைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் நம் மலைகள் மொட்டைப் பாறை. விழுந்த தண்ணீர் ஊறாமல் உடனே கீழே இறங்கும். எட்டாம் வகுப்பில் நானே நடத்திய பாடம் இது. அந்தத் தண்ணீரை ஏரிக்கும், ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும், கடைசியில் சங்கராபரணிக்கும் கொண்டுபோகத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலில் மனை போட்டது புயலா?

கோட்டைப் பக்கம் செட்டிக்குளம், சக்கரக்குளம் பார்த்திருப்பீர்கள் (செல்ஃபி எடுக்கவாவது). சித்திரையில் பாறை தகிக்கும்போது தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தவர்கள் வெட்டியவை. நாம் டிசம்பரில் வெள்ளம் என்று அழுகிறோம், மே மாதம் குடத்தோடு லாரிக்கு நிற்கிறோம்.

என் அக்கா மகனே வாய்க்காலை ஒட்டி வீடு கட்டி, புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருக்கிறான். "பட்டா இருக்கு மாமா" என்கிறான். தண்ணீர் பட்டாவைப் பார்த்தா வரும்? மொய் அனுப்புகிறேன், நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளட்டும்.

மனை பார்க்கும் மற்றவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தத் தெருவில் ஆடு மேய்ப்பவரிடம், ஃபெஞ்சலில் தண்ணீர் எதுவரை நின்றது என்றும் கேளுங்கள்.