பொழைச்சுப் போகட்டுமா?

திருவொற்றியூர் வாசகரே, உங்கள் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் நைஜீரியா நாட்டு கிரிபென்சிஸ் கொள்ளை அழகு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுத்ததும், 'பாவம், பொழைச்சுப் போகட்டும்' என்று கொசஸ்தலை ஆற்றில் விடுகிறீர்களே, அது புண்ணியமா?

அதன் பங்காளியைப் பாருங்கள். நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஜிலேபியும் ஆப்பிரிக்க சிக்லிட்தான். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. 1959-ல் வளர்க்கத் தடை போட்டார்கள். மீனுக்குப் படிக்கத் தெரியாதே! வாயிலேயே முட்டையை அடைகாத்துப் பெருகியது. உப்புத்தண்ணிக்கும் பயப்படவில்லை.

எல்லா அயல் மீனும் ஜிலேபி ஆகிவிடாதுதான். எது ஆகும் என்பதை ஆற்றில் விட்டுப் பார்த்தா தெரிந்துகொள்வது? அனல்மின் சாம்பல், 2023 டிசம்பரில் எண்ணெய் என்று எண்ணூர் கழிமுகம் வாங்கிய அடி போதாதா? மீனவர் பிழைப்பில் உங்கள் பங்குக்கும் மண்ணா?

வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் சார்.