எட்டு மணி நேரக் கூத்துக்கு அரையடி ஒயர்

பங்குனி பிறந்தால் செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டினால் விடியும்வரை ஆட்டம்தான். இதைப் பதிவு செய்ய வரும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. நல்ல கேமரா, நல்ல லென்ஸ், நல்ல மைக் எல்லாம் கொண்டுவருகிறார்கள். கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் இணைக்கிற டைம்கோடு கேபிளை மட்டும் பெரும்பாலும் யாரும் கொண்டுவருவதில்லை. லொகேஷன் சவுண்டில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற உரிமையில், இந்த வாரப் பத்தியை அந்த ஒயருக்கே ஒதுக்குகிறேன்.

கூத்தில் கிளாப் அடிக்க வழியில்லை. கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் யாரும் பலகை தட்ட முடியாது, தட்டவும் கூடாது. ரெக்கார்டர் இரவு முழுக்க நிற்காமல் ஓடும். மூன்று கேமராக்களோ பேட்டரி மாற்றவும் கார்டு மாற்றவும் நின்று நின்று ஓடும். மறுநாள் எடிட் அறையில் உதவி எடிட்டர் முன்னால் ஏராளமான துண்டுகள் கிடக்கும். எந்தத் துண்டு எட்டு மணி நேர ஒலியில் எங்கே உட்காரும் என்பதை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“சாஃப்ட்வேரே ரெண்டு சத்தத்தையும் பாத்து சேத்துடுதேண்ணே?” என்று ஒரு கேமரா உதவியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நாலு சுவருக்குள் ஒரு பேட்டி எடுத்தால் அப்படியே சேர்த்துவிடலாம், நானே மறுக்கமாட்டேன். களரியில் நிலைமை வேறு. கூட்டத்துக்குப் பின்னால் முப்பது மீட்டர் தள்ளி ஒரு கேமரா நிற்கிறது என்று வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மிருதங்கத்தில் விழுந்த அடி அந்தக் கேமராவின் மைக்குக்கு வந்து சேர கிட்டத்தட்ட 90 மில்லிசெகண்ட் ஆகிறது. 25 ஃபிரேம் கணக்கில் அது இரண்டு ஃபிரேமுக்கு மேல். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. சாஃப்ட்வேர் தாமதமாக வந்த சத்தத்தோடு நம் நல்ல ஒலியைப் பொருத்திவிடும். ஆகவே கை மிருதங்கத்தில் பட்டு மீண்ட பிறகுதான் அடி கேட்கும். டைம்கோடுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

டைம்கோடு என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் எண் என்று ஒரு முகவரி. வீடியோ டேப் எடிட்டிங்குக்காக 1960களின் கடைசியில் அமெரிக்காவில் உருவாகி, எஸ்எம்பிடிஇ அமைப்பின் பெயரால் உலகத் தரமானது. ஒரு ஃபிரேமுக்கு 80 பிட். 25 ஃபிரேமில் நொடிக்கு 2000 பிட். அதை ஒலி அலையாகவே ஒயரில் அனுப்புவதுதான் எல்டிசி. ஸ்பீக்கரில் போட்டால் காதைக் கிழிக்கும் கீச்சுச் சத்தம். அதை வடிவமைத்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் மாறும். நடுவிலும் ஒருமுறை மாறினால் ஒன்று, மாறாவிட்டால் பூஜ்யம். மாற்றம் உண்டா இல்லையா என்பது மட்டுமே கணக்கு என்பதால் அலை தலைகீழாகப் புரண்டாலும் படிக்க முடியும். டேப்பைப் பின்னோக்கி ஓட்டினாலும் படிக்க முடியும்.

ஃபிலிம் காலத்திலும் கேமராவுக்கும் நாக்ரா டேப் ரெக்கார்டருக்கும் நடுவே ஓர் ஒயர் இருந்தது. கேமரா மோட்டாரின் வேகத்தை டேப்புக்குத் தெரிவிக்கிற பைலட் ஒயர். குவார்ட்ஸ் படிகக் கட்டுப்பாடு வந்ததும் அதை வெட்டி எறிந்தார்கள், கேமராமேனும் ஒலிப்பதிவாளரும் தனித்தனியே நடமாட முடிந்தது. அதே படிகம்தான் இன்று நம்மைக் காலை வாருகிறது. சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகு சகஜம். இரவு பத்துக்கு ரெக்கார்டரையும் கேமராவையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினால், காலை ஆறுக்குள் அரை நொடிக்கு மேல் விலகியிருக்கும். பதினாலு ஃபிரேம்! ஆகவே ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோவது கூத்துக்கு ஆகாது. வெப்ப ஈடு செய்யும் படிகம் உள்ள சின்ன டைம்கோடு பெட்டி ஒன்று ஒவ்வொரு கேமராவின் தலையிலும் இரவு முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டிக்கும் கேமராவுக்கும் நடுவே அரையடி ஒயர். ஒரு துண்டுக்குள் ஏற்படும் பிசகு பொருட்டில்லை, அரை மணி நேரத்தில் ஒரு ஃபிரேம்கூட ஆகாது. ஒவ்வொரு துண்டின் முதல் ஃபிரேமும் சரியான முகவரியோடு பிறந்தால் போதும்.

இந்த அரையடியில்தான் எல்லாம் கெடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு துளை வைத்திருக்கிறது. ஜூம் எஃப்8 ரெக்கார்டரில் பிஎன்சி. பெரிய ஆரி கேமராக்களிலும் சவுண்ட் டிவைசஸின் உயர்ரகக் கருவிகளிலும் ஐந்து பின் லெமோ. பிளாக்மேஜிக் பாக்கெட் கேமராவில் 3.5 மில்லிமீட்டர் மைக் ஜாக்கின் இடது சேனலே டைம்கோடு வாசல். பல மிரர்லெஸ் கேமராக்களில் வாசலே கிடையாது. கடையில் விற்கும் கேபிள் நன்றாகவே இருக்கும், ஆனால் நடுராத்திரி மூன்று மணிக்கு அது அறுந்தால் உள்ளே எது எதோடு சேர்கிறது என்று தெரிந்தவர் களத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். அதனால்தான் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

ஐந்து பின் லெமோவில் ஒன்றாம் பின் கிரவுண்ட், இரண்டு உள்ளே வரும் டைம்கோடு, ஐந்து வெளியே போகும் டைம்கோடு. லெமோவிலிருந்து லெமோவுக்குக் கேபிள் செய்தால் ஒரு முனையின் ஐந்து மறுமுனையின் இரண்டுக்குப் போக வேண்டும். நேர்நேராக வைத்தால் இரண்டு கருவியும் பேசும், ஒன்றும் கேட்காது. லெமோவிலிருந்து பிஎன்சி என்றால் கொடுக்கும் கேபிள் வேறு, வாங்கும் கேபிள் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எனவே கொடுப்பதற்குச் சிவப்பு ஸ்லீவ், வாங்குவதற்குப் பச்சை.

ஈயம் வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. முகப்பில் பார்க்கிற பின் வரிசை பின்பக்கம் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். எண்கள் எறும்புக் கால் அளவில் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கூட்டையும் ஸ்லீவையும் முதலில் ஒயரில் ஏற்றிவிட்டு, பின் குழிக்கும் ஒயர் நுனிக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி சூடு. அதற்கு மேல் வைத்தால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இளகி பின் சாய்ந்துவிடும். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னையும் மற்ற எல்லாப் பின்னோடும் சோதிக்க வேண்டும். பீப் வர வேண்டிய இடத்தில் வருவது பாதிச் சோதனைதான், வரக்கூடாத இடத்தில் வராமலிருப்பது மறுபாதி.

வாசல் இல்லாத கேமராவுக்கு மைக் ஜாக்கில் டைம்கோடை ஒலியாகவே பதிவு செய்துவிடலாம், டாவின்சி ரிசால்வ் அந்தச் சேனலைப் படித்து முகவரியாக மாற்றித் தரும். ஆனால் பெட்டி தருவது ஒரு வோல்ட் கணக்கு, மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். வரிசையில் 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 100 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டரை ஜாக்கின் கூட்டுக்குள்ளேயே வைத்தால் நூறில் ஒரு பங்காகக் குறையும். மைக் ஜாக்கில் கேமரா தருகிற சின்ன மின்சாரத்தைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டரும் வேண்டும். எலக்ட்ரோலைட்டிக் என்றால் பிளஸ் கால் கேமரா பக்கம். அளவைக் குறைக்காமல் விட்டால் அந்தக் கீச்சு பக்கத்துச் சேனலிலும் கசியும், அங்கே வைத்த சின்ன மைக் வீண்.

சாமானெல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், லெமோ மட்டும் ஆர்டர் போட வேண்டிவரும். பிஎன்சி வாங்கும்போது கிரிம்ப் வகை கேளுங்கள். திருகு வகை இரண்டாம் இரவிலேயே தளரும். மெல்லிய ஆர்ஜி 174 ஒயர் போதும். இந்தக் குறைந்த அதிர்வெண்ணுக்கு 75 ஓமா 50 ஓமா என்பது பிரச்சினையே இல்லை. ஃபிரேம் ரேட் மட்டும் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கட்டும். மெனுவில் 24 என்று காட்டிவிட்டு உள்ளே 23.98 ஓடுகிற கேமராக்கள் உண்டு, அதில் மணிக்கு 3.6 நொடி போய்விடும்.

கடைசியாக, நள்ளிரவு. பகல் ஷூட்டிங் பழக்கத்தில் கடிகார நேரத்தையே டைம்கோடாக வைத்துவிடுவார்கள். பன்னிரண்டு அடித்ததும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். ரெக்கார்டர் ஃபைலில் நேரம் எழுதப்படுவதே நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் என்ற கணக்கில்தான். எடிட் வரிசையில் விடியற்காலைப் படுகளம் முன்னிரவு விருத்தத்துக்கு முன்னால் போய் நிற்கும். ஆகவே இரவு பத்து மணியை 22 என்று வைக்காமல் 10 என்று வையுங்கள், காலை ஆறு 18 ஆகும், நடுவில் முறிவு வராது. பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதை அன்றைய ஒலி அறிக்கையின் முதல் வரியில் எழுதிவிடுங்கள், எடிட்டர் போன் போட்டுக் கேட்க வேண்டியிராது.