ரெண்டு மார்க் வரையறையும் புரியாத பாடமும்

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த யாரையாவது பிடித்து "முடுக்கம் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "திசைவேகம் மாறும் வீதம்" என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் வரும். ரெண்டு மார்க். அடுத்து இதைக் கேளுங்கள். செங்குத்தாக மேலே எறிந்த பந்து, உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறதே, அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?

பெரும்பாலும் "பூஜ்யம்" என்றுதான் பதில் வரும். தப்பு. பூஜ்யமாக இருப்பது திசைவேகம் மட்டும்தான். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². அதுவும் பூஜ்யமாகிவிட்டால் பந்து கீழே வராது, அந்தரத்தில் அப்படியே தொங்கும்! வரையறையை எழுத்துப் பிசகாமல் சொன்ன அதே வாய்தான் பந்தை ஆகாயத்தில் தொங்க விடுகிறது.

இது இயற்பியலோடு நின்றால் பரவாயில்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும் இதே கதைதான்.

புவியியலைப் பாருங்கள். "பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்துள்ளது" என்று விடைத்தாளில் எழுதிய மாணவனிடம் "கோடைக்காலம் ஏன் வருகிறது?" என்று கேட்டால், "பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது" என்பான். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஜூலை தொடக்கத்தில் அது 15.2 கோடியாகிவிடும். மார்கழிக் குளிரில் போர்வையைத் தேடுகிற நேரத்தில்தான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது! தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுக்க ஒரே சமயத்தில் கோடை வரவேண்டும். ஆனால் டிசம்பர் கடைசியில் மெல்போர்னில் நடக்கிற டெஸ்ட் மேட்ச்சில் ரசிகர்கள் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் டிவியில் பார்க்கிற காட்சிதான். அதையும் 23½ டிகிரியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

இது தமிழ்நாட்டு வியாதி மட்டுமல்ல. 1987-ல் அமெரிக்காவில் எடுத்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்ற ஆவணப்படத்தில் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம் இப்படிப்பட்ட கேள்வி கேட்கப்பட்டது. 21 பேர் தவறாகவே விளக்கினார்கள். ஹார்வர்டுக்கே அந்தக் கதி என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே அந்தத் தவறைப் படம் பிடித்து ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இங்கே அதே தவறோடு சென்டம் வாங்கினால் பிளெக்ஸ் வைக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான்.

உயிரியலுக்கு வாருங்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவார்கள். "சரி, இவ்வளவு பெரிய மாமரம், இத்தனை கிலோ மரக்கட்டை, எங்கிருந்து வந்தது?" என்றால் "மண்ணிலிருந்து" என்பார்கள். பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் இரண்டே கால் கிலோ எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 76 கிலோ ஆனது. மண்ணில் குறைந்தது வெறும் 57 கிராம் போல. அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. மண் இல்லை, தண்ணீர்தான் மரமானது என்று முடிவு கட்டினார். பாதி சரி. மீதிக் காரணம் காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 'கேஸ்' என்ற வார்த்தையையே உருவாக்கியவர் அவர்தான்! ஆனால் அவர் செய்துபார்த்துத் தவறினார். இன்றைய மாணவன் சரியான சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே தவறுகிறான். எந்தத் தவறு மேல்?

வரலாறு? வேலூர்ப் புரட்சி, 1806 ஜூலை 10. காரணங்கள் யாவை? புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள். பாயிண்டுக்கு ஒரு மார்க். இந்தக் காரணங்களில் எது மருந்து, எது தீப்பொறி? தலைப்பாகை உத்தரவு வராமல் இருந்திருந்தால் சிப்பாய்கள் சும்மா இருந்திருப்பார்களா? ஒரே நாளில் அடங்கிய வேலூருக்கும் மாதக்கணக்கில் நீடித்த 1857-க்கும் என்ன வித்தியாசம்? 'காரணம்' என்றால் என்ன என்பதுதான் வரலாற்றின் அடிப்படையே. அதைக் கேட்பதே இல்லை. கேட்டால் விடைக்குறிப்பில் பதில் இருக்காது, பேப்பர் திருத்துகிறவர் திண்டாட வேண்டியிருக்கும்.

பொருளாதாரத்தில்தான் இந்த அறியாமைக்கு விலை அதிகம். "பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது" என்று செய்தி வந்தால் விலைவாசி இறங்கிவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. 100 ரூபாய்ப் பொருள் முதல் வருடம் 106 ஆனது. அடுத்த வருடம் 110 ரூபாய் 24 காசு. விலை ஏறித்தான் இருக்கிறது, ஏறுகிற வேகம்தான் குறைந்தது. இந்த ஒன்று புரியாத வாக்காளரிடம் எந்த ஆளுங்கட்சியும் எதையும் சாதனையாகச் சொல்லி விற்கலாம். எதிர்க்கட்சியும்தான்.

இப்போது அந்தப் பந்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். விலை என்பது பந்து இருக்கும் இடம் மாதிரி. பணவீக்கம் அதன் வேகம் மாதிரி. பணவீக்கம் குறைவது என்பது பிரேக் போடுவது மாதிரி. பிரேக் போட்ட பஸ் உடனே பின்னால் போவதில்லை, மெதுவாக முன்னால்தான் போகிறது. இயற்பியலும் பொருளாதாரமும் சொல்வது ஒரே அடிப்படையைத்தான். ஆனால் பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் ஒரு பக்கம், காமர்ஸ் குரூப் மறு பக்கம் என்று நடுவில் சுவர் எழுப்பியாகிவிட்டது. வகையீடு போடத் தெரிந்தவனுக்கு செய்தித்தாள் புரிவதில்லை. செய்தித்தாள் படிக்கிறவனுக்கு வகையீடு என்றால் பயம்.

"மனப்பாடமே கூடாதா?" என்று கேட்பார்கள். யார் சொன்னது? வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கவேண்டும். வருடங்கள், வேதிக்குறியீடுகள், இலக்கண விதிகள் நினைவில் இருக்கவேண்டும். அதெல்லாம் செங்கல். வீடு கட்டாமல் செங்கல்லை மட்டும் எண்ணி மார்க் போடுவதுதான் தவறு. "ஒரு வகுப்பில் ஐம்பது பேர், போர்ஷன் முடிக்கவே நேரமில்லை" என்பது ஆசிரியர்களின் வாதம். நியாயமானது. அதனால்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியது ஆசிரியர் அல்ல, வினாத்தாள். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும்.

2009-ம் ஆண்டின் பீசா சர்வதேசத் தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011-ல் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடிமட்டத்தில். கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்த 2012 தேர்வையே இந்தியா எழுதவில்லை. மூஞ்சி கோணலாக இருந்தால் கண்ணாடி என்ன செய்யும்?

11-ம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு வருடமும் 12-ம் வகுப்பையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்க 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அது கைவிடப்பட்டது. தேர்வு வந்தாலும் போனாலும் கேள்வியின் குணம் மாறாதவரை ஒன்றும் மாறாது.

இதில் அடிபடுவது யார்? வசதியுள்ள பிள்ளைக்குக் கவலையில்லை. பள்ளியில் கிடைக்காத புரிதலை அப்பா கோச்சிங் சென்டரில் காசு கொடுத்து வாங்கித் தருவார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு வகுப்பறை மட்டும்தான் கதி. அங்கே வரையறையை மட்டும் கொடுத்து, "நீ கெட்டிக்காரி" என்று கைதட்டி அனுப்பிவிட்டு, நுழைவுத்தேர்விலும் கல்லூரி முதல் வருடத்திலும் அவள் தடுமாறும்போது "ஒழுங்காகப் படிக்கவில்லை" என்கிறார்கள். அவள் சொன்னதையெல்லாம் படித்தாள். சொன்னதுதான் போதவில்லை.

செய்யவேண்டியது மலையைப் புரட்டுகிற வேலையில்லை. ஒவ்வொரு பாடத்தின் வினாத்தாளிலும், புத்தகத்திலோ கைடிலோ இல்லாத ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வி. சொந்த வார்த்தையில் எழுதிய சரியான பதிலுக்கு முழு மார்க் தரச்சொல்லி விடைக்குறிப்பில் ஒரே ஒரு வரி. அந்த ஐந்து மார்க்குக்காகவாவது "மரக்கட்டை எங்கிருந்து வந்தது?" என்று எந்த ஊர் வகுப்பறையிலும் யாராவது கேட்பார்கள்.

அதுவரை பந்து அந்தரத்திலேயே தொங்கட்டும்.