பயிரின் நாட்காட்டியும் சங்கத்தின் நாட்காட்டியும்

கணக்குச் சரியாக இருந்தால் சங்கமும் சரியாக இருக்கிறது என்று எண்ணும் பழக்கம் எம்போன்ற ஆய்வாளர்களுக்கு உண்டு. அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு நெல் வயல்.

சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பகுதியில் ஒரு சங்கத்தின் விதைக் கணக்கைப் பார்வையிட்டேன். தை மாதத்தில் பழைய சம்பா ரகம் ஒன்றின் விதை அங்கத்தினர் ஒருவருக்கு விற்கப்பட்டிருந்தது. பட்டியல், இருப்பு, ரொக்கம் மூன்றும் ஒத்திருந்தன. சரி என்று குறியிட்டுக் கையெழுத்திட்டேன். வைகாசியில் அவ்வூருக்கு மீண்டும் சென்றபோது அந்தப் பெரியவர் என்னைத் தம் வயலுக்கு அழைத்துச் சென்றார். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பயிர் கருத்துச் செழித்து நின்றது. ஆனால் ஒரு கதிர்கூட இல்லை. “உரத்திலும் குறை வைக்கவில்லை, தண்ணீரிலும் குறை வைக்கவில்லை ஐயா. நான் செய்த தவறு என்ன?” என்று கேட்டார். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பயிரை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டார். கடன் மட்டும் பேரேட்டில் நின்றது.

அவர் தவறு ஒன்றும் செய்யவில்லை. விதை கொடுத்த மாதமே தவறு.

பயிர் பூப்பதற்கு வயது மட்டும் போதாது. நீண்டகாலப் பழைய சம்பா ரகங்கள் பலவற்றுக்குப் பகல் குறுகி இரவு நீள வேண்டும். தஞ்சையில் ஆனி மாதத்தின் நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம்; மார்கழியின் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். நமக்குப் புலப்படாத இச்சிறு வேறுபாட்டை நெற்பயிரின் இலை அளந்து அறிகிறது. பகலின் அளவுக்கும் பூப்புக்கும் உள்ள இத்தொடர்பை 1920-இல் அமெரிக்காவின் கார்னர், அல்லார்டு என்ற இருவர் புகையிலைச் செடியிலும் பிற செடிகளிலும் கண்டு வெளியிட்டனர். இலையில் உண்டாகித் தண்டின் நுனிக்குச் சென்று “இனிக் கதிர் கட்டு” என்று சொல்லும் புரதத்தை நெல்லில் ஜப்பானிய அறிஞர்கள் 2007-இல் காட்டினர். பயிர் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே. ஆகையால்தான் தெருவிளக்கின் ஒளி இரவெல்லாம் விழும் வரப்போரத்தில் இத்தகைய ரகங்கள் கதிர் விடத் தாமதிக்கின்றன.

தையில் விதைத்த பெரியவரின் பயிர் பருவத்துக்கு வந்தபோது பகல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. அது இலையை விட்டுக்கொண்டே ஐப்பசிக்காகக் காத்திருந்தது.

இக்குணத்தைக் குறையென்று கருதலாகாது. காவிரியில் தண்ணீர் முன்பின்னாக வந்து விதைப்புச் சில நாட்கள் தள்ளிப்போனாலும், வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் காலத்தில் பூத்துத் தையில் களத்துக்கு வரும் நெல்லையே நம் முன்னோர் தேர்ந்து வைத்தனர். மறுபுறம், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களில் அளித்த ஏ.டி.டி. 27 போன்ற குறுகியகால ரகங்கள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் நாட்கணக்கில் முதிர்வதால் குறுவை பெருகியது. இரண்டும் வேண்டியவையே. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைக் கொடுப்பதுதான் கேடு.

இப்போது பெரும்பாலோர் புதிய ரகங்களையே பயிரிடுகின்றனர், இக்கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழைய ரகங்கள் மீண்டும் நம் வயல்களுக்கு வருகின்றன. 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து மறு ஆண்டு 4 கிலோ திரும்பப் பெறும் முறையால் அவற்றைப் பரப்பினார். விதை பரவிய அளவுக்கு அதன் பருவத்தைப் பற்றிய அறிவு பரவவில்லை. மேலும், மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் எல்லா ஆண்டும் திறக்கப்படுவதில்லை. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில் மிகவும் பிந்தி விதைத்த பழைய சம்பா, தூர் கட்டுமுன்பே குறுகிய பகலைக் கண்டு கதிர் விட்டு மகசூல் குன்றும். நாட்கணக்கில் முதிரும் நீண்டகால ரகமோ, அணையை மூடும் ஜனவரி 28-க்குப் பின்னும் தண்ணீர் கேட்டு நிற்கும்.

எனவே சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, விதைப் பட்டியலில் ரகத்தின் பெயரோடும் விலையோடும் விதைக்கும் மாதத்தையும், அது பகலின் நீளத்தைப் பார்ப்பதா, நாட்கணக்கில் முதிர்வதா என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது, அணை திறக்கும் தேதி தெரிந்தவுடன் நிர்வாகக் குழு கூடி, வேளாண்மை அலுவலரின் யோசனையுடன் அவ்வாண்டுக்குரிய விதையை முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, மேலுரத்துக்கான கடன் கதிர் உருவாகும் நாளுக்கு முன்பே அங்கத்தினர் கையில் சேர வேண்டும். பூத்தபின் பட்டுவாடா செய்த உரக்கடன் பேரேட்டை நிரப்புமேயன்றி மணியை நிரப்பாது.

நெசவாள நண்பர்களுக்கு இது புதிதன்று. கஞ்சி போட்ட பாவைத் தெருவில் விரிக்குமுன் அவர்கள் வானத்தைப் பார்க்கத் தவறுவதில்லை. விதையை அளக்குமுன் நாமும் மாதத்தைப் பார்ப்போம்.

நான் இப்போது விதைக் கணக்கைப் பார்க்கும்போது, தொகைக்கு முன் தேதியைப் பார்க்கிறேன். வரும் மகாசபையில் அங்கத்தினர்களும் தங்கள் சங்கத்தில் இதனைக் கேட்க வேண்டுகிறேன். கேட்பது அவர்கள் உரிமை.